யாருடைய கையெழுத்து? லொறிச் சோதனைத் தாளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

"அண்ணை, உதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. கையெழுத்தை வைச்சுப்போட்டு எடுங்கோ."

1993ஆம் ஆண்டு தை மாதத்து விடிகாலையொன்றில், ரொறன்ரோவுக்கு அருகே மிஸிசாகாவில் ஒரு லொறி முற்றத்தில் வைத்து எனக்கு இதைச் சொன்னவர், அங்கு வேலைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த எம்மவரான இளைஞர் ஒருவர். அவர் குறிப்பிட்டது, வண்டியை எடுப்பதற்கு முன் சாரதி அதைச் சுற்றிவந்து பார்த்து, பழுதுகளைக் குறித்து, ஒப்பமிட வேண்டிய சோதனைத் தாளை. வெளியே கடுங்குளிர். லொறிக்குக் கீழே குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வராத நேரம். பழுது எதுவுமில்லை என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன், ஒப்பமிட்டேன், வண்டியை எடுத்தேன்.

அன்று காலை 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நிறை பார்க்கும் நிலையத்துக்குள் என்னைத் திருப்பினார்கள். பரிசோதகர் சுண்ணக்கட்டியும் அளவுகோலுமாக வண்டிக்குக் கீழே போனார். பிறேக்கை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். ஐந்து அச்சுகள், பத்துப் பிறேக்குகள். அவற்றில் நான்கு, அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டித் தளர்ந்திருந்தன. வண்டி அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டது. தண்டச் சீட்டு என் பெயரில் எழுதப்பட்டது. முதலாளியும் எம்மவர்தான். அவருக்கு ரெலிபோன் எடுத்தபோது அவர் கோபப்படக்கூட இல்லை. "தாளில இருக்கிறது உம்மட கையெழுத்து. நான் என்ன செய்யிறது?" என்றார்.

தண்டத்தை நான்தான் கட்டினேன். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. முதல்நாள் அதே வண்டியுடன் ஹமில்ரனில் 403ஆம் இலக்க நெடுஞ்சாலையின் மலைச்சரிவால் இறங்கியிருந்தேன். முன்னால் சிறிய கார்கள் போய்க்கொண்டிருந்தன. பிறேக் எனக்கு ஒரு குறையும் காட்டவில்லை.

அந்தத் தாள் யாருக்காக எழுதப்பட்டது? பொலிசுக்காகவா, முதலாளிக்காகவா, சாரதிக்காகவா? முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. எமது சமூகத்தில் நூற்றுக்கணக்கானோர் லொறி ஓட்டிப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அவர்களது தொழிலின் வரலாறு பற்றி எமது பத்திரிகைகளில் எதுவும் எழுதப்பட்டதாக நான் அறியேன். அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கு எழுதுகிறேன்.

1

எனது சின்னையா சுன்னாகம் சந்தையிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றிய பெட்போர்ட் லொறி ஒன்றின் றைவர். பள்ளிக்கூட விடுமுறைகளில் கிளீனராக நானும் ஏறுவேன். அவர் எந்தத் தாளிலும் ஒப்பமிட்டதை நான் கண்டதில்லை. ஆனால் வண்டியைப் பார்க்காமல் எடுத்ததையும் கண்டதில்லை. ஒரு கட்டையால் ஒவ்வொரு ரயரையும் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். நட்டுகளைக் கையால் தடவுவார். ஓடும்போது பிறேக் கருகும் மணம் வந்தால் எனக்கு முதல் அவருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்குக் காலில் நம்பிக்கை. எண்ணெயில் இயங்கும் பிறேக்கில் பழுது வந்தால் மிதி கீழே இறங்கும், அல்லது பஞ்சுபோல் மெதுமெதுக்கும். கால் அதை உடனே உணரும்.

இந்த அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1990க்குப் பின், பொருளாதாரத் தடையின் கீழ், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டிய மக்கள் நாம். எதையும் எப்படியாவது ஓடவைப்பது எமது கெட்டித்தனம். தடையின் கீழ் அதுதான் உயிர்வாழ்தல். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தை நாம் இங்கும் கொண்டுவந்தோம். 'ஓடுகிறதுதானே' என்பதை 'நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டோம். மட்டமான குடாநாட்டு வீதியில் அரைச் சுமையுடன் போன வண்டிக்கும், 30 தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடன் மலைச்சரிவால் மணிக்கு 90 கிலோமீற்றரில் இறங்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு எமக்கு உறைக்கவில்லை.

2

பெரிய லொறிகளில் பிறேக்கை இயக்குவது எண்ணெய் அல்ல, அமுக்கப்பட்ட காற்று. இதன் மூலம் ரயில் பாதையில் இருக்கிறது. அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்கான காற்றுப் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த முதல் அமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. குழாய் வெடித்துக் காற்றுப் போனால் பிறேக்கும் போய்விடும். 1872இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். காற்றின் அழுத்தம் இருக்கும்வரை பிறேக் விலகி நிற்கும். காற்றுப் போனால் பிறேக் தானே பிடிக்கும். ஆயினும் கம்பனிகள் தாமாக இதற்குப் பணம் செலவிடவில்லை. பெட்டிகளின் கூரைமீது ஓடி, கையால் பிறேக் சுற்றிய தொழிலாளர்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். கருவி கண்டுபிடிக்கப்பட்டு இருபது வருடங்களின் பின், 1893இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் அதைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. இந்தக் கதையில் இது முதலாவது பாடம். உயிர்காக்கும் வழி தெரிந்திருப்பது ஒன்று. அதற்கான செலவை யார் ஏற்பது என்பது இன்னொன்று.

இன்றைய லொறியிலும் இதே தத்துவம்தான். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தலுக்குக் குறைந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். மேலும் குறைந்து 45க்கும் 20க்கும் இடையே வரும்போது, அதுவரை காற்றினால் அமுக்கி வைக்கப்பட்டிருந்த பெரிய சுருள்வில் விரிந்து பிறேக்கைப் பிடிக்கும். இதை அறிந்த பல சாரதிகள், 'காற்றுப் போனாலும் வண்டி தானே நிற்கும்' என்று நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

விடயம் அங்கில்லை. காற்று ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஒரு நெம்பைத் திருப்பும். அது பிறேக் கட்டைகளை உருளையின் உட்புறத்தில் அழுத்தும். கட்டை தேயத் தேயத் தண்டு கூடுதல் தூரம் போகவேண்டும். பரவலாகப் பயன்படும் அளவுள்ள பிறேக் ஒன்றில் அந்தத் தூரத்தின் எல்லை இரண்டு அங்குலம். அதை நெருங்கும்போதும் சமதரையில் மெதுவாக அழுத்தினால் வண்டி நிற்கும். சரிவில் நீண்டநேரம் அழுத்தும்போதுதான் உருளை சூடாகி விரிகிறது, கட்டையிலிருந்து விலகுகிறது. தண்டு தன் எல்லைக்குப் போய்விடும், அதன்பின் தள்ள இடமில்லை. அவசரத்துக்கு வரும் சுருள்வில்லும் அதே தண்டைத்தான் தள்ளுகிறது. ஆகவே அதுவும் கைவிடும்.

இவ்வளவும் நடக்கும்போது சாரதியின் காலுக்கு ஒன்றும் தெரியாது. காற்றுப் பிறேக்கின் மிதி ஒரு வால்வு மட்டுமே. பிறேக் நல்லதோ கெட்டதோ, மிதி ஒரேமாதிரித்தான் இருக்கும். ஹமில்ரன் சரிவில் என் கால் எனக்குச் சொன்னது பொய். சின்னையாவின் முழு அனுபவமும் அங்கு பயன்பட்டிராது. கீழே குனிந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சோதனைத் தாள் சாரதியின் அனுபவத்தை அவமதிக்க வந்ததல்ல. அனுபவம் எட்டாத இடத்துக்காக வந்தது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. லைசென்ஸ் சோதனைக்காக 'பார்க்க வேண்டியவை' என்று ஒரு பட்டியலை மனனம் செய்தோம், அவ்வளவுதான்.

1997இல் கியூபெக்கின் லெ எபூல்மோவில் ஒரு செங்குத்துச் சரிவின் அடியில் பஸ் ஒன்று வீதியைவிட்டுப் பாய்ந்து 40க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் சுற்றுலா சென்ற முதியவர்கள். அந்த பஸ்ஸின் பிறேக்குகள் பழுதான நிலையில் இருந்தமை பின்னர் வெளிவந்தது. அதே இடத்தில் 1974இலும் ஒரு பஸ் விபத்து நடந்திருந்தது.

3

சாரதியின் களைப்பும் வாகனத்தின் பழுதும் அரசின் விடயமானது 1930களில். அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்களுக்கிடையே ஓடும் சாரதிகளின் வேலைநேரத்தையும் வண்டிகளின் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஒரு மத்திய ஆணைக்குழுவுக்கு வழங்கியது. அதே சட்டம் கட்டணங்களையும், யார் எந்தப் பாதையில் ஓடலாம் என்பதையும் கட்டுப்படுத்தியது. நுகர்வோருக்கு இதனால் செலவு கூடியது உண்மை. ஆனால் போட்டியிட்டு விலையைக் குறைத்து, அந்தக் குறைவைச் சாரதியின் நித்திரையிலிருந்தும் பிறேக் கட்டையிலிருந்தும் எடுத்துக்கொள்வதற்கு ஓரளவாவது தடை இருந்தது.

1980இல் அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடுகள் பெருமளவு நீக்கப்பட்டன. கனடா 1987இல் சட்டமியற்றி, 1988 தை முதலாம் திகதியிலிருந்து அதே வழியில் போனது. சந்தை திறந்தது. ஒரு லொறியைத் தவணைக்கு வாங்கக்கூடிய எவரும் தொழிலில் இறங்கலாம் என்றானது. அகதிகளாக வந்த எமக்கு அந்தக் கதவு திறந்ததும் இதனால்தான். இதை நாம் மறக்கக்கூடாது. அதே கதவால் குறைந்த கட்டணமும், நீண்ட நேரமும், பழைய வண்டியும் உள்ளே வந்தன என்பதையும் மறக்கக்கூடாது.

பாதுகாப்பு விதிகள் இந்தத் திறப்புக்கு ஈடாக வந்தவை. 1980இல் அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கத்து நான்கு மாநிலங்கள், வீதியோரச் சோதனையை ஒரே அளவுகோலில் செய்வதற்கு உடன்பட்டுத் தொடங்கிய கூட்டமைப்பில் கனடிய மாகாணங்களும் பின்னர் சேர்ந்தன. இன்று வட அமெரிக்கா முழுவதும் செய்யப்படும் 37 படிகள் கொண்ட முழுச் சோதனை அந்தக் கூட்டமைப்பினுடையது. பிறேக்குகளில் 20 வீதமோ அதற்கு மேலோ பழுதென்றால் வண்டி அசையக்கூடாது என்பதும் அவர்களது விதி. பத்தில் இரண்டு போதும். என்னிடம் நான்கு இருந்தன. கனடாவில் மத்திய அரசும் மாகாணங்களும் 1987இல் தேசிய பாதுகாப்புக் கோவைக்கு உடன்பட்டன. அதன் 13ஆவது நியமம்தான் பயணச் சோதனை பற்றியது. நான் வாசிக்காமல் ஒப்பமிட்ட தாளின் பூர்வீகம் இதுவே. அமெரிக்கா 1986இல் சட்டமியற்றி, 1992 சித்திரையிலிருந்து பெரிய வண்டிகளின் சாரதிகளுக்குத் தனியான தேசிய அளவுகோல்களைக் கொண்ட லைசென்ஸைக் கட்டாயமாக்கியது.

ஆக, சுதந்திரம் சந்தைக்குக் கொடுக்கப்பட்டது. பொறுப்பு ஒரு தாளாக மாற்றப்பட்டுச் சாரதியின் கையில் கொடுக்கப்பட்டது. இப்படிச் சொன்னால் சில நண்பர்கள், 'பார்த்தீரா, அந்தத் தாளே ஒரு ஏமாற்றுத்தான்' என்பார்கள். அங்குதான் நான் அவர்களோடு முரண்படுகிறேன்.

4

1995இல் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் லொறிகளிலிருந்து கழன்ற சில்லுகள் மோதி, வெவ்வேறு சம்பவங்களில் இருவர் கொல்லப்பட்டனர். தம் பாட்டில் காரில் போய்க்கொண்டிருந்தவர்கள். மரண விசாரணை நடந்தது. பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. எமது வீடுகளிலும் அந்த நாட்களில் 401இல் லொறிக்குப் பக்கத்தில் போகப் பயந்தார்கள். லொறி ஓட்டும் என்னிடமே பயத்தைச் சொன்னார்கள்.

சில்லு கழல்வது விதியின் விளையாட்டல்ல. ரயர் மாற்றும்போது பொருந்தும் முகப்புகளில் துருவோ பெயின்ரோ அழுக்கோ இருந்தால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஓடும்போது அது அமர்ந்து தளரும். அதனால்தான் சில்லைப் பூட்டி 80 முதல் 160 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தளர்ந்த நட்டிலிருந்து துரு ஒரு கோடாக வடிந்திருக்கும். பார்ப்பவருக்கு அது தெரியும். சில்லின் நடுவில் எண்ணெய் கசிந்திருந்தால் உள்ளே பெயாரிங் சாகிறது என்று பொருள். அதுவும் பார்ப்பவருக்குத் தெரியும்.

1997இல் ஒன்ராறியோ ஒரு கடுமையான சட்டத்தைக் கொண்டுவந்தது. சில்லு கழன்றால், வண்டியை இயக்கும் நிறுவனமும் அதன் உரிமையாளரும் குற்றவாளிகள். 'நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்' என்ற வாதம் ஏற்கப்படமாட்டாது. தண்டம் 2,000 டொலரிலிருந்து 50,000 டொலர்வரை. கம்பனிகள் இது அரசியலமைப்புக்கு முரண் என்று வழக்காடின. 2003இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், சிறைத்தண்டனைக்கு இடமில்லாதபடியால் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தச் சட்டத்தின் அந்தப் பிரிவு சாரதியைக் குறிப்பிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பொறுப்பு முதன்முறையாக மேல்நோக்கிப் போனது. ஆனால் சொந்தமாக லொறி வாங்கி, ஒரு கம்பனிக்கு ஓடும் எம்மவர் எத்தனை பேர்? 'உரிமையாளர்' என்ற சொல் அவர்களைக் குறிக்கும். தவணைப் பணம் கட்டி முடியாத ஒருவர், ஐம்பதாயிரம் டொலர்த் தண்டத்துக்கு முன்னால் ஒரு பெரிய கம்பனிக்குச் சமமாக நிற்கிறார்.

2007 ஆடியிலிருந்து ஒன்ராறியோவின் பயணச் சோதனை விதிகள் புதுப்பிக்கப்பட்டன. எதை எதைப் பார்க்க வேண்டும், எது சிறிய பழுது, எது பெரிய பழுது என்று பட்டியலே வந்தது. சிறியது என்றால் குறித்து அறிவிக்க வேண்டும். பெரியது என்றால் வண்டி அசையக்கூடாது, யார் சொன்னாலும். இந்தக் கடைசி வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். 1993இன் அந்தக் காலையில் இதன் கருத்து எனக்கு விளங்கியிருந்தால், அந்தத் தம்பிக்கு முன்னால் எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். அந்தத் தாள் முதலாளிக்கு எதிராக ஒரு தொழிலாளியின் கையில் சட்டம் வைத்த ஆயுதமும்கூட. வேலைநிறுத்தம் செய்யாமலே, சங்கம் இல்லாமலே, ஒரு தனிமனிதர் 40 தொன் வண்டியை நிறுத்தலாம். அதை வாசிக்காமல் ஒப்பமிடும்போது நாம் அந்த ஆயுதத்தை முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, குற்றத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறோம்.

5

2018 சித்திரை 6ஆம் திகதி சஸ்கச்சுவானில் ஹம்போல்ற் அணியின் இளம் ஹொக்கி வீரர்களின் பஸ்ஸும் ஒரு லொறியும் மோதி 16 பேர் இறந்தார்கள். 13 பேர் காயமடைந்தார்கள். லொறிச் சாரதி இந்தியாவிலிருந்து வந்த இளைஞர், வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆனவர். பின்னால் படபடத்துக்கொண்டிருந்த சுமைத் திரைச்சீலையில் அவரது கவனம் போயிருந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நிறுத்தற் குறியைக் காணாமலே சந்திக்குள் போனார். அதற்கு முந்திய நாட்களின் பதிவுகளில் 70 விதிமீறல்கள் இருந்ததாக அரச அறிக்கை கூறியது. அன்று வழியில் மறித்துச் சோதித்திருந்தால் 72 மணிநேரத்துக்கு அவர் ஓட்டத் தடை விதிக்கப்பட்டிருக்கும் என்றும் கூறியது. அவருக்கு எட்டு வருடச் சிறை. கம்பனி உரிமையாளருக்கு விதிமீறல்களுக்காக 5,000 டொலர்த் தண்டம். 2024 மே மாதத்தில் அந்தச் சாரதியை நாடுகடத்தவும் உத்தரவு வந்தது.

இறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்னால் எந்தக் கணக்கும் எடுபடாது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அதை மூடிமறைக்க நான் எழுதவில்லை. ஆனால் எட்டு வருடமும் நாடுகடத்தலும் ஒரு பக்கம், ஐயாயிரம் டொலர் மறுபக்கம் என்ற இந்தத் தராசை, குடியுரிமை இன்னும் கிடைக்காத எமது சாரதி ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒன்ராறியோ 2017 ஆடியில், கனடாவில் முதன்முதலாக, பெரிய லொறிச் சாரதிகளுக்குக் குறைந்தது 103.5 மணிநேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஹம்போல்ற்றுக்குப் பின் மேற்கு மாகாணங்களும் தொடர்ந்தன. வேலைநேரத்தைப் பதியும் மின்னியல் கருவி மாகாண எல்லை தாண்டும் வண்டிகளுக்கு 2021 ஆனியில் விதியானது. முழு அமலாக்கம் 2023 தையில். ஆயினும் சாரதியைப் பெயருக்கு ஒரு தனிக் கம்பனியாகப் பதியவைத்து, அவரைத் தொழிலாளி அல்லாதவராக்கும் முறை பரவியிருக்கிறது. மத்திய தொழிற்சட்டம் இதை 2021 முதல் தடைசெய்கிறது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை அச்சட்டத்தில் 1978இலிருந்தே தொழிலாளிக்கு உண்டு. 'நீர் தொழிலாளி இல்லை, கம்பனி' என்று ஒருவரிடம் ஒப்பம் வாங்கும்போது, இந்த உரிமையைத்தான் முதலில் பறிக்கிறார்கள்.

'மறுத்தால் வேலை போகுமே, வாடகையை நீரா கட்டுவீர்?' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பின் இரண்டு இடங்களில் எனக்கு வேலை போனது. மூன்றாவது இடத்தில், பழுதென்று எழுதினால் கராஜுக்கு அனுப்பினார்கள். அங்கு இருபது வருடம் ஓட்டினேன். எல்லோருக்கும் மூன்றாவது இடம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் இது தனிமனிதர்களின் துணிவுக்கு விடக்கூடிய விடயமல்ல என்கிறேன். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் சங்க இரவு விருந்துக்கும் மண்டபம் எடுக்கும் நாம், புதிதாக வந்த சாரதிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி, ஒரு லொறிக்குக் கீழே விட்டு, அந்தத் தண்டையும் நட்டையும் தமிழில் காட்டிக்கொடுக்க ஏன் முடியாது? எம்மவரான முதலாளிகளை அதே மண்டபத்தில் இருத்திக் கேள்வி கேட்க ஏன் முடியாது?

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், தமக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலங்களில் எமது இளைஞர்கள் ஒப்பமிட வைக்கப்பட்டார்கள். வாசிக்காத தாளில் வைத்த கையெழுத்து ஒரு மனிதரின் வாழ்வை என்ன செய்யும் என்பதை எம்மைவிட அறிந்தவர்கள் குறைவு. அங்கு அடித்து வாங்கினார்கள். இங்கு குளிருக்கும், அவசரத்துக்கும், 'எங்கட ஆள்தானே' என்ற முகத்தாட்சணியத்துக்கும் நாமே கொடுக்கிறோம்.

அந்தத் தம்பி பின்னர் தானும் லொறி ஓட்டினார். சில வருடங்களுக்கு முன் ஒரு மரணவீட்டில் சந்தித்தோம். "அண்ணை, இப்ப நான் ஒவ்வொரு நாளும் கீழ பாக்கிறனான்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், தாங்கள் எதில் ஒப்பமிட்டார்கள், எதில் மறுத்தார்கள் என்று இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும்.